நெப் கோட்டை: ஏரை இறக்கி வைத்த ஒரு பண்ணையின் வரலாறு

இங்கிலாந்தின் தென்பகுதியில் மேற்கு சசெக்ஸ் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கு ஹார்ஷம் நகரிலிருந்து தெற்கே செல்லும் ஏ24 நெடுஞ்சாலையின் அருகே, சிறு மேடொன்றின்மேல் ஒற்றைக் கற்சுவர் நிற்கிறது. கூரையில்லை, மற்ற மூன்று பக்கமும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியர் கட்டிய நெப் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது இவ்வளவே. இதிலிருந்து சிறிது தொலைவில், ஏரிக்கரையில், அதே பெயர் தாங்கிய இன்னொரு நெப் கோட்டை இருக்கிறது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை. அதைச் சுற்றியுள்ள 3,500 ஏக்கர் நிலத்தை ஒரே குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டு வருகிறது. நொடித்துப்போகும் நிலையிலிருந்த அந்தப் பண்ணை எவ்வாறு மீண்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மீண்ட கதையைச் சொல்வதற்கு முன், நிலம் கைமாறிய கதையைச் சொல்ல வேண்டும். அது அத்தனை இனிமையான கதையன்று.

1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது, தன்னுடன் வந்த படைத்தலைவர்களுக்கு நிலங்களைப் பகிர்ந்தளித்தான். சசெக்ஸின் ஒரு பகுதி ‘த ப்ரோஸ்’ குடும்பத்திற்குக் கிடைத்தது. அவர்கள் கட்டியதே முதல் நெப் கோட்டை. அது போருக்கான அரண் என்பதைவிட வேட்டை மாளிகை என்பதே பொருந்தும். நார்மானியர் தம்முடன் கொண்டுவந்த புள்ளிமான் போன்ற ‘ஃபாலோ’ மான்கள் அங்கே வேட்டைக்காக வளர்க்கப்பட்டன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னன் அக்குடும்பத்தின் தலைவனிடம் முதலில் பெருநட்புக் கொண்டிருந்தான். பின்னர் பகை கொண்டான். மகனைப் பிணையாக அனுப்புமாறு மன்னன் கேட்டபோது, குடும்பத்தலைவி மட்டில்டா மறுத்துவிட்டாள். தன் அண்ணன் மகன் ஆர்தருக்கு மன்னன் செய்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள் என்பர். 1210இல் தாயும் மகனும் சிறையில் பட்டினியால் மாண்டனர். நெப் கோட்டை மன்னன் வசமாயிற்று. அவன் வேட்டை நாய்களோடு அங்கு வந்து தங்கினான். 1216இல், குறுநிலத் தலைவர்கள் அவனுக்கு எதிராகக் கிளர்ந்திருந்த வேளையில், எதிரிகள் கையில் சிக்காதபடி அக்கோட்டையை எரித்து அழித்துவிடுமாறு ஆணை பிறப்பித்தான். ஆணை முழுமையாக நிறைவேறவில்லை. அதே ஆண்டில் ஜானும் இறந்தான். மன்னனின் சினத்துக்குத் தப்பிய கற்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் சாலை போடுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சியதுதான் நாம் முதலில் கண்ட ஒற்றைச் சுவர்.

இடைப்பட்ட காலத்தில் அந்த மண் இரும்புக்குப் பெயர்பெற்றிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கேரில் என்னும் இரும்புத்தொழிற் குடும்பம் நெப்பை வாங்கியது. உலைக்கு வேண்டிய நீரைத் தேக்கி வைத்த பேரேரி இன்றும் மாளிகையின்முன் பரந்து கிடக்கிறது. இன்று அதை இயற்கையழகு என்று வியந்து நோக்குவோர், அது ஓர் ஆலைக்குளம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1787ஆம் ஆண்டில் சர் சார்ல்ஸ் ரேமண்ட் என்பவர் நெப்பை விலைக்கு வாங்கினார். இவர் யார் என்பது நமக்குக் கூடுதல் அக்கறைக்குரியது. இவர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவராக இந்தியாவுக்குப் பலமுறை கடற்பயணம் செய்தவர். பின்னர்க் கப்பல்களைக் கம்பெனிக்கு வாடகைக்கு விடும் கூட்டாளிகளின் மேலாளராகவும், இலண்டனில் வங்கியாளராகவும் விளங்கியவர். அக்காலத்தில் கம்பெனியின் கப்பல் தலைவர்கள் ஊதியத்தை நம்பி வாழவில்லை. கப்பலில் குறிப்பிட்ட எடையளவு சரக்கைத் தம் சொந்தக் கணக்கில் ஏற்றிச் செல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் நெய்த துணிகளும் பிற பண்டங்களும் அந்த உரிமையின்கீழ் இலண்டன் சந்தைக்குப் போய்ப் பெருஞ்செல்வமாய் மாறின. துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில், அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில் பொதிகளைச் சுமந்து சென்ற நம் படகோட்டிகள், அச்செல்வம் எந்த நாட்டில் எந்த மண்ணை வாங்கப் போகிறது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

(ரேமண்டின் மற்றொரு மாளிகையான எசெக்ஸ் வாலன்டைன்ஸின் திராட்சைக் கொடியிலிருந்து வெட்டிய போத்து ஒன்று 1768இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடப்பட்டது. இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் அக்கொடியைக் காணப் பல நாட்டினரும் செல்கின்றனர். மனிதர் வாங்கிக் குவித்தவற்றுள் ஒரு போத்து மட்டும் தன் போக்கில் தழைத்ததை எண்ணி வியக்கிறேன்.)

வாங்கிய மறு ஆண்டே ரேமண்ட் மறைந்தார். அவருடைய மகள் சோஃபியா கவிதையும் நாடகமும் எழுதியவர். அவரை மணந்தவர் வில்லியம் பரல். சசெக்ஸ் மாவட்டத்தின் ஊர்கள், கோயில்கள், கல்லறைகள், குடும்பங்கள் பற்றிய செய்திகளையெல்லாம் வாழ்நாள் முழுதும் திரட்டி, அந்தக் கையெழுத்துத் தொகுதிகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விட்டுச் சென்ற பெருந்தகை அவர். மாமனாரின் ‘பாரனெட்’ பட்டமும் அவருக்கே வந்தது. நெப் அன்று முதல் பரல் குடும்பத்தின் சொத்தாயிற்று. அவர்களுடைய மகன் சர் சார்ல்ஸ் மெரிக் பரல், அக்காலத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜான் நாஷைக் கொண்டு ஏரிக்கரையில் புதிய கோட்டை மாளிகையைக் கட்டுவித்தார். கோட்டைக்குரிய கொத்தளங்களும் உப்பரிகைகளும் அதில் உண்டு. ஆனால் எந்தப் பகைவரும் அதை முற்றுகையிடப் போவதில்லை. பழமையின் தோற்றத்தை விரும்பியவர்கள், உண்மையான பழங்கோட்டையைச் சுவராக நிற்கவிட்டுப் புதிதாக ஒரு பழங்கோட்டையைக் கட்டிக்கொண்டனர்! கட்டியவர் 1806 முதல் 1862இல் இறக்கும் வரை ஷோரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

1904இல் அந்த மாளிகை தீக்கிரையாயிற்று. ஹோல்பைன், வான் டைக் போன்ற பேரோவியர்களின் படைப்புகளும் அத்தீயில் அழிந்தன. மாளிகையை மட்டும் மீண்டும் கட்டினர்.

இவ்வளவு பெரிய நிலம் எட்டுத் தலைமுறைக்கு மேலாகச் சிதறாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேய நிலக்கிழார் மரபில் சொத்து முழுவதும் ஒருவருக்கே, பெரும்பாலும் மூத்த மகனுக்கே சேரும். நம் குடும்பங்களில் பாகப்பிரிவினைக்குப் பின் காணிகள் குழிகளாய்க் குறுகியதை நாம் அறிவோம். அவர்கள் இளைய மக்களுக்கு அநீதி செய்து நிலத்தைக் காத்தனர். நாம் மக்களுக்கு நீதி செய்து நிலத்தை நறுக்கினோம். இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆயினும் அந்த முறையும் இருபதாம் நூற்றாண்டில் பலரைக் காப்பாற்றவில்லை. இறப்பு வரியும் வேளாண் வருவாயின் வீழ்ச்சியும் சேர்ந்து, பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் அந்நூற்றாண்டில் இடித்துத் தள்ளப்பட்டன.

நெப் பிழைத்தது. ஆனால் அதன் நிலம் இளைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது மாளிகையைப் படையினர் எடுத்துக்கொண்டனர். கனடா நாட்டுப் படைப்பிரிவுகளின் தலைமையிடம் அங்கு இயங்கியது. கடல்வழி உணவுக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தாக்கிய நேரம் அது. ஓரங்குல நிலமும் உழப்பட வேண்டும் என்பது அரசின் கட்டளை. மாளிகையைச் சூழ்ந்த புல்வெளிப் பூங்காவும் உழப்பட்டது. போர் முடிந்தபின் 1947இல் வந்த வேளாண்மைச் சட்டம் விளைபொருளுக்கு உறுதியான விலை தந்தது. எனவே உழவு நிற்கவில்லை. வேலிப்புதர்கள் அழிந்தன, வடிகால்கள் பெருகின, உரமும் பூச்சிமருந்தும் வந்தன.

அந்த மண்ணைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். சசெக்ஸின் தாழ்வெளி மண் கடுங்களிமண்; நெப்பின் அடியில் களிமண் 300 மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. மாரியில் அதில் இறங்கிய டிராக்டர் ஏறாது. கோடையில் காங்கிரீட் போல் வெடிக்கும். சசெக்ஸ் வட்டார வழக்கில் சேற்றைக் குறிக்க மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டென்று படித்தபோது எனக்குப் புன்னகை வந்தது. சேறு, சகதி, அளறு, தொளி, உளை என்று நாமும் சொல்லிக்கொண்டே போகலாமே! ஆனால் ஒன்று. நமக்குச் சேறு நெல்லின் தாய். கோதுமை பயிரிடும் அவர்களுக்கு அது பகை.

1980களில், இருபது வயதைக் கடந்த இளைஞராக, தம் பாட்டனார் வழியாக நெப்பைப் பெற்றவர் இன்றைய சர் சார்ல்ஸ் பரல். அவருடைய முழுப்பெயர் சார்ல்ஸ் ரேமண்ட் பரல். கப்பல் தலைவரின் பெயர் இன்னும் அக்குடும்பத்தில் வழங்குகிறது. வேளாண் கல்லூரியில் பயின்றவர் அவர்; பழைய முறையே நட்டத்துக்குக் காரணம் என்று நம்பினார். புதிய எந்திரங்கள், உயர்விளைச்சல் விதைகள், கூடுதல் கறவை மாடுகள், சொந்தப் பனிக்கூழ்த் தொழில் என்று எல்லாவற்றையும் முயன்றார். விளைச்சல் கூடியது, கடனும் கூடியது. நல்ல மண்ணுடைய பண்ணைகளோடு அக்களிமண் போட்டியிட முடியவில்லை. வங்கியின் மிகைப்பற்று ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டை எட்டியது. 2000ஆம் ஆண்டில் கறவை மாடுகளையும் பண்ணைக் கருவிகளையும் விற்றுவிட்டார். இருநூறு ஆண்டுப் பெயரோடு நிற்கும் ஒரு குடும்பத்தின் வாரிசு, ஊரார் பார்க்கத் தம் மாடுகளை ஏலத்துக்கு அனுப்பும் நாள் எத்தகையது என்பதை, கொட்டிலைக் காலி செய்து பார்த்த குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாற்றத்தின் வித்து ஒரு மரத்தடியில் விழுந்தது. மாளிகையை அடுத்து 550 ஆண்டுகள் வாழ்ந்த ஓக் மரம் ஒன்று உண்டு. அதன் நலம் குறித்துக் கருத்துக் கேட்க, முதுமரங்களின் அறிஞர் டெட் கிரீன் 1999இல் அழைக்கப்பட்டார். அவர் அந்த மரத்தைப் பாராட்டிவிட்டு, வயல் நடுவே நின்ற மற்ற ஓக் மரங்களைச் சுட்டிக் காட்டினார். அவை நோயுற்றிருந்தன. வேரோடு உறவாடி அதற்கு உணவூட்டும் பூஞ்சைகளை ஏரும் உரமும் மருந்தும் அழித்துவிட்டன என்றார் அவர். அந்த மரங்களின் கீழேயே ஆண்டுதோறும் உழுது வந்தவர்களுக்கு அச்சொல் தைத்தது.

2001இல் அரசின் உதவித்தொகையுடன் 350 ஏக்கரை உழவிலிருந்து விடுவித்துப் பழையபடி புல்வெளிப் பூங்காவாக்கினர். அதையடுத்து, பெட்வொர்த் மாளிகையிலிருந்து ஃபாலோ மான்கள் கொண்டுவரப்பட்டன. இதே காலத்தில் டச்சு நாட்டுச் சூழலறிஞர் ஃபிரான்ஸ் வேராவின் கருத்து பரலை ஈர்த்தது. தனித்து விடப்பட்ட நிலம் அடர்காடாக மூடிவிடும் என்பது பொதுவான எண்ணம். வேரா அதை மறுத்தார். பழங்காலத்தில் காட்டு மாடும் காட்டுக் குதிரையும் பன்றியும் மானும் மேய்ந்தும் கிளறியும் முறித்தும் வந்ததால், புல்வெளியும் புதரும் தோப்பும் கலந்த நிலமே இயற்கையாக இருந்தது என்பது அவர் வாதம். அக்காட்டு மாடும் குதிரையும் இன்று இல்லை. எனவே அவற்றுக்கு ஈடாகப் பழைய இனங்களான நீள்கொம்பு மாடுகளும் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளும் 2003 முதலும், டாம்வொர்த் பன்றிகள் 2004 முதலும் நெப்பில் விடப்பட்டன. ஆண்டு முழுதும் திறந்தவெளி, தீவனம் வைப்பதில்லை, ஈற்றுக்கு உதவுவதில்லை.

பண்ணையின் தென்பகுதி வேறு விதமாக வளர்ந்தது. அங்கு வேலி போடப் பணம் கிடைக்காததால், உழவை நிறுத்திய வயல்கள் சில ஆண்டுகள் மேய்ச்சலே இன்றிச் சும்மா கிடந்தன. முள் எழுந்தது, காட்டு ரோஜாவும் வில்லோவும் எழுந்தன. இந்தத் தாமதமே பின்னர் பெரும்பேறாயிற்று. ஜே என்னும் பறவை ஓக் விதைகளைத் தொலைவில் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைக்கும் வழக்கமுடையது. முட்செடியின் ஓரம் புதைப்பதும் உண்டு. முளைத்த கன்றை மான் கடிக்காமல் முள் காக்கும். முள்ளே ஓக்கின் தாய் என்னும் கருத்து அந்நாட்டுப் பழம்பேச்சில் உண்டாம். ஆடு கடிக்காதிருக்கக் கன்றைச் சுற்றி வேலமுள் கட்டும் நமக்கும் இது புரியாததன்று.

ஊரார் இதை எளிதில் ஏற்கவில்லை. நன்செய் போன்று பேணிய நிலத்தைப் புதர் மண்ட விடுவது அவர்கள் கண்ணுக்குச் சோம்பலாகவும், முன்னோர்க்கு இழைக்கும் துரோகமாகவும் தெரிந்தது. போர்க்காலப் பஞ்சத்தை நினைவில் வைத்திருந்தவர்கள், உணவு விளையும் நிலத்தை வீணாக்கலாமா என்று கேட்டனர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘திசில்’ என்னும் முட்செடி பல ஏக்கரில் பரவியபோது, அதன் பஞ்சுவிதை தம் வயல்களுக்கும் வருமென்று அக்கம்பக்கத்தார் அஞ்சினர். களைக்கொல்லி தெளிப்பதா, பொறுப்பதா என்று பரல் தம்பதியினர் தடுமாறிய வேளையில், 2009ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வந்த வண்ணத்துப்பூச்சிகள் அந்தச் செடிகளின்மேல் பெருந்திரளாக வந்திறங்கின. நம் நாட்டிலும் காணப்படும் ‘பெயின்டட் லேடி’ என்னும் இனம் அது. அவற்றின் புழுக்கள் திசிலைத் தின்று தீர்த்தன. மறு ஆண்டு அந்த இடங்களில் திசில் இல்லை. மருந்து தெளித்திருந்தால் செலவும் ஆகியிருக்கும், பூச்சிகளும் மாண்டிருக்கும்.

பின்னர் உயிர்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. பிரிட்டனில் அருகிவரும் நைட்டிங்கேல் பறவைகள் முட்புதர்களில் கூடு கட்டின. நம் மணிப்புறாவுக்கு உறவான டர்டில் டவ் புறாக்கள், நாடெங்கும் மறைந்துவருகையில், இங்கே மட்டும் பெருகின. வில்லோ இலையில் முட்டையிடும் ‘பர்ப்பிள் எம்பரர்’ என்னும் அரிய வண்ணத்துப்பூச்சிக்கு நாட்டிலேயே மிகப்பெரிய வாழிடம் நெப் ஆயிற்று. 2018இல் ஒரே நாளில் 388 எண்ணப்பட்டன. மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதை நிறுத்தியதால் சாண வண்டுகள் வந்தன. ஒரே சாணிக் குவியலில் 23 வகை வண்டுகளைப் பரல் எண்ணியிருக்கிறார். நிலக்கிழார் ஒருவர் சாணியின் முன் மண்டியிட்டு வண்டெண்ணும் காட்சி, அந்த மாளிகையின் எட்டுத் தலைமுறை வரலாற்றில் புதியது.

வருவாய்க்கு வழி என்ன? அரசின் இயற்கைப் பாதுகாப்பு உதவித்தொகை. பழைய பண்ணைக் கட்டடங்களைத் தொழிலகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விடுதல். 2014 முதல் கூடாரம் அமைத்துத் தங்கிச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தினர். பரலின் துணைவியார் இசபெல்லா ட்ரீ, நேபாளத்தின் குமாரி தெய்வ மரபைப் பற்றி முன்னரே நூல் எழுதியவர். அவர் 2018இல் வெளியிட்ட ‘வைல்டிங்’ என்னும் நூலால் நெப் உலகறிந்த பெயராயிற்று. நான் இங்குச் சொல்பவற்றுள் பலவும் அந்நூலால் விளங்கியவை.

வருவாயில் இன்னொன்றும் உண்டு: இறைச்சி. ஆண்டுக்கு ஏறத்தாழ 75 டன் எடையுள்ள உயிர்கள் மேய்ச்சல் மந்தையிலிருந்து அகற்றப்பட்டு விற்கப்படுகின்றன. ஓநாய் முதலிய கொன்றுண்ணிகள் அத்தீவில் அழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எண்ணிக்கை கட்டுக்கடங்காவிடில் புல்லும் தீர்ந்து விலங்கும் பட்டினியால் சாகும் என்பது அவர்களுடைய விளக்கம். நெதர்லாந்தில் வேராவின் கருத்துப்படி அமைந்த ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் காப்பகத்தில் 2017–18 குளிர்காலத்தில் அதுவே நடந்தது. தீனியின்றி மெலிந்தவற்றுள் 3,000க்கும் மேற்பட்டவை மாண்டன. பெரும்பாலானவற்றைத் துன்பம் தீர்க்கவெனக் காவலர்களே சுட்டனர். மக்கள் மனம் பொறாமல் வேலிக்கு மேல் வைக்கோல் வீசினர்.

இவ்விடத்தில் நம் மனம் இடறும், இடறவும் வேண்டும். ஆதிபகவன் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்று. உழுவோன் கொழுமுனையில் மாயும் சிற்றுயிர்களைத் தொழில் நிமித்தம் நேரும் உத்யோகி ஹிம்சை என்று பொறுத்து, எண்ணித் துணிந்து கொல்லும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார்க்கும் அறவே விலக்கினர் நம் பெரியோர். நெப்பில் முதலாவது பெரிதும் ஒழிந்தது, இரண்டாவது ஒழியவில்லை. மண்புழுவும் வண்டும் புறாவும் வாழ இடம் கொடுத்தவர்கள் மாட்டையும் பன்றியையும் சந்தைக்கு அனுப்புகிறார்கள். முந்தையதைப் பாராட்டுவதால் பிந்தையதை ஒப்புக்கொண்டதாகாது. பிந்தையதை வெறுப்பதால் முந்தையதை மறைத்து எழுதவும் என்னால் இயலவில்லை. இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை இன்னும் முனைந்து தேடலாகாதா என்பது என் கேள்வி.

3,500 ஏக்கர் ஒரு கையில் இருந்ததும், அது படையெடுப்பாலும் கம்பெனிச் செல்வத்தாலும் வந்ததும், மக்களின் வரிப்பணம் உதவித்தொகையாகத் துணை நின்றதும் மறக்கத்தக்கவையல்ல. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் இதைப் பின்பற்ற முடியாது. அவரைப் பின்பற்றச் சொல்வதும் முறையன்று.

கடைசியாக நாரைகளின் கதை. 1416இல் எடின்பரோ நகரின் புனித கைல்ஸ் கோயில் உச்சியில் கூடு கட்டியதே, பிரிட்டனில் செங்கால் நாரை குஞ்சு பொரித்ததற்கான பழைய பதிவு. அதன்பின் அவை அங்கு இனம்பெருக்கவில்லை. நம் சத்திமுற்றப் புலவர் தூது விட்ட அதே பறவைதான். 2016இல் போலந்திலிருந்து கொணர்ந்த, பறக்க இயலாத காயமுற்ற நாரைகளைத் துணையாக வைத்து நெப்பில் ஒரு முயற்சி தொடங்கினர். 2019இல் இட்ட முட்டைகள் பொரியவில்லை. 2020 மே மாதத்தில், நோய்த்தொற்றால் ஊரெல்லாம் கதவடைத்திருந்தபோது, ஓக் மரத்தின் உச்சிக் கூட்டில் குஞ்சுகள் பொரிந்தன. நெப்பிலிருந்து சில கல் தொலைவில் ஸ்டோரிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அதன் பழம்பெயருக்கு ‘நாரைகளின் ஊர்’ என்று பொருள் சொல்வர். அறுநூறு ஆண்டுகளாக ஊர்ப்பெயரில் மட்டும் இருந்த பறவையை, இப்போது அவ்வூர் மக்கள் தம் புகைபோக்கிகளுக்கு மேலே பறக்கக் காண்கின்றனர்.